பாழ்நிலமாம் பள்ளிக்கரணை!

'பாழ்நிலம்' என்று பெயர் சூட்டினர். பாழாக்கிடும் உரிமையையும் உடனே எடுத்துக் கொண்டனர். பள்ளிக்கரணைக் கழுவெளியின் கதை இதுதான், தோழர்களே!

தென்சென்னை ஏரிகள் பல நிரம்பி வழிந்திடும் நாளில், அந்நீரைத் தன் மடியில் ஏந்தி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்கும், கோவளம் கழிமுகம் கடந்து கடலுக்கும் மெல்ல மெல்ல அனுப்பி வைப்பது அந்தச் சதுப்பு நிலம். கூலி கேட்காத காவற்காரன்! அவனுக்கு நகரம் தந்த பரிசென்ன? பெருங்குடியில் குப்பை மலை. சுற்றிலும் கட்டடக் காடு!

2015 டிசம்பரில் பெருமழை பெய்தது, வேளச்சேரி வெள்ளக்காடாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மீண்டும் அதே அவலம்! 'ஊருக்குள் வெள்ளம் புகுந்தது' என்றனர். ஊரல்லவா வெள்ளத்தின் வீட்டுக்குள் முதலில் புகுந்தது!

"பறவைக்கு இடமா, மனிதனுக்கு வீடா?" என்று கேட்கின்றனர் மனைவணிகப் பிரபுக்கள். ஆகா, ஏழைபால் எத்துணை இரக்கம்! ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட ஏழைகள், சதுப்பு நிலத்தை அடுத்த பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டனரே, அவர்களைக் கேளுங்கள். மழை வலுத்தால் தெரு எது, குளம் எது என்று தெரியாமல் தவிப்போர் அவர்கள். சதுப்பைத் தூர்த்தவன் இலாபத்தோடு போய்விட்டான். தண்ணீரில் நிற்பவன் ஏழை! பறவைக்கும் ஏழைக்கும் பகை மூட்டுவோரே, இருவரையும் ஒருங்கே விரட்டுவது உங்கள் மண் லாரியன்றோ?

2007இல் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று. 2022இல், ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971இல் உருவான உலக உடன்படிக்கையின் பட்டியலில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் இடம்பெற்றது. மகிழ்ச்சி! ஆனால் பட்டியல் காவல் நிற்காது. பட்டயம் லாரியை மறிக்காது. விழித்திருக்கும் மக்களே மறித்திட வேண்டும்.

ஆகவே, தை மாதத்தில் ஒரு நாள் பிள்ளைகளுடன் அங்கு செல்லுங்கள். பூநாரையும் கூழைக்கடாவும் இரைதேடும் அழகைக் காட்டுங்கள். கண்டு களித்து வீடு திரும்பிவிட்டால் அது உல்லாசப் பயணம். எங்கே புதிதாக மண் கொட்டப்பட்டிருக்கிறது, எந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்று பார்த்து வந்து, வட்டந்தோறும் கேள்வி எழுப்பினால், அதுவே கட்சிப் பணி!

நாரைக்கு நிற்க இடமிருக்கும் வரைதான் நகரத்து ஏழைக்குப் படுக்க உலர்ந்த தரை. அந்தத் தரையைக் காத்திடப் புறப்படுங்கள், தோழர்களே!