டாக்டர் ஏன் உங்க முகத்தைப் பார்க்கல?

1/ "டாக்டர் என் முகத்தையே பார்க்கல, கம்ப்யூட்டரையே பார்த்துட்டு இருந்தார்." அரசு ஆஸ்பத்திரி ஓபியில் அடிக்கடி கேட்கிற புகார். நியாயமான புகார்தான். ஆனா அங்கே என்ன பண்ணிட்டு இருந்தேன்னும் கேளுங்க.

2/ உங்க போன மாச சுகர் ரிப்போர்ட்டைத் தேடிட்டு இருந்தேன். லாகின், கேப்ச்சா, மெனு, அதுக்குள்ள இன்னொரு மெனு. 'பேக்' பட்டனை அமுக்கினா மறுபடி முதல்ல இருந்து.

3/ சுகர் இருக்கிறவங்க பாதத்தைத் தொட்டுப் பார்க்கணும். உணர்ச்சி போன காலில் புண் வந்தா வலிக்காது. தெரியாமலே முத்தி, காலையே எடுக்க வேண்டி வரலாம். பார்த்துட்டு நிமிர்ந்தா ஸ்கிரீன்ல 'செஷன் முடிந்தது'. டைப் பண்ணினது எல்லாம் போச்சு. உங்களைத் தொட்டுப் பார்க்கிற நேரம், அந்த சாஃப்ட்வேருக்கு நான் சும்மா இருக்கிற நேரம்!

4/ ஏன் இப்படி? கம்பெனிகள் வாடிக்கையாளரைப் பின்தொடர வெச்சிருக்கிற சிஆர்எம் மாதிரியேதான் இதுவும்: பதிவு, ஃபாலோ-அப், பெண்டிங், முடிந்தது. மேலே கணக்கு அனுப்ப வசதி. வைத்தியம் பார்க்க இல்ல.

5/ "ட்ரெயினிங் குடுத்தா சரியாயிடும்"கிறாங்க. காய்கறிக்கார அக்கா கியூஆர் கோடுல காசு வாங்க எந்த ட்ரெயினிங் போனாங்க?

6/ இது சின்ன விஷயம் இல்ல. 1985–87ல் தெராக்-25 என்ற மெஷினால் அமெரிக்கா, கனடாவில் 6 பேருக்கு அளவு மீறிய கதிர்வீச்சு. உயிர்களும் போச்சு. ஒரு சம்பவத்தில் ஸ்கிரீன் காட்டினது 'மால்ஃபங்ஷன் 54'னு மட்டும்தான். அர்த்தம் புரியாத ஆபரேட்டர், பட்டனை அமுக்கித் தொடர்ந்தார்.

7/ நோட்டுக் காலத்துக்குத் திரும்பச் சொல்லல. பிரஷர், சுகர், மாத்திரை ஒரே பக்கத்தில் தெரியட்டும். டைப் பண்ணினது தானா சேவ் ஆகட்டும். இதைச் செய்யறவங்க ஒரு திங்கட்கிழமை காலை என் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கட்டும். அதுக்கப்புறமும் நான் உங்க முகத்தைப் பார்க்கலன்னா, என்னைத் திட்டுங்க.