குமரிமுனையும் புதிய கட்டடங்களும்

முக்கடலும் கூடும் குமரிமுனைக்குச் சிற்பியோ கொத்தனாரோ வந்து அழகு சேர்க்க வேண்டிய அவசியமில்லை. கடலில் உதிக்கும் சூரியனையும் கடலில் மறையும் சூரியனையும் அங்கே ஒரே ஊரில் நின்று தரிசிக்கலாம். சித்திரா பௌர்ணமியன்று ஒரு புறம் சூரியன் சாய, மறுபுறம் சந்திரன் எழும் காட்சிக்காகவே ஜனங்கள் வெகு தூரத்திலிருந்து வருகிறார்கள். ஆயினும், வருகிறவர்களுக்கு ஒதுங்க நிழல் வேண்டும். போக வழி வேண்டும். இடத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல ஒரு சின்னமும் வேண்டும். ஆகவே, கட்டடம் வேண்டுமா என்பதில் விவாதமில்லை. எத்தகைய கட்டடம் என்பதே கேள்வி. 2024-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி அங்கே கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது முதல், இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை.

இதற்கு விடை காண நாம் வேறெங்கும் போக வேண்டாம். குமரிமுனையிலேயே நான்கு பாடங்கள் இருக்கின்றன.

முதற் பாடம் காந்தி மண்டபம். 1948-ல் மகாத்மாவின் அஸ்தி கடலில் கரைக்கப்படுமுன் வைக்கப்பட்டிருந்த இடத்தில், 1956-ல் அது கட்டி முடிந்தது. அவர் வாழ்ந்த ஆண்டுகளைக் குறிக்க மண்டபத்தின் உயரம் 79 அடி. ஆனால் அதன் பெருமை உயரத்தில் இல்லை. அக்டோபர் 2-ந் தேதி நடுப்பகலில், கூரையிலுள்ள துவாரத்தின் வழியே சூரிய கிரணம் அஸ்தி இருந்த இடத்தில் நேராக விழும்படி அதை அமைத்திருக்கிறார்கள். சூரியனைக் காண்பதற்கென்று ஜனங்கள் வரும் ஊரில், சூரியனையே கட்டடத்தின் ஓர் அங்கமாக்கிய யுக்தி இது.

இரண்டாவது, விவேகானந்தர் பாறை. 1892-ம் வருஷம் டிசம்பரில் சுவாமிகள் தியானம் செய்த இடத்தில், அவருடைய நூற்றாண்டை ஒட்டி ஞாபகச் சின்னம் எழுப்ப முயன்றபோது, பாறையின் இயற்கையழகு கெட்டுவிடும் என்று மத்திய மந்திரி ஸ்ரீ ஹுமாயூன் கபீர் ஆட்சேபித்தார். சென்னை முதல் மந்திரி ஸ்ரீ பக்தவத்ஸலமும் பெரிய கட்டடத்துக்கு இசையவில்லை. ஸ்ரீ ஏகநாத் ரானடே 323 பார்லிமெண்டு அங்கத்தினர்களின் கையொப்பத்தைப் பெற்ற பின்னரே வழி திறந்தது. 1970-ல் மண்டபமும் திறக்கப்பட்டது. ஆட்சேபித்தவர்கள் தோற்றார்கள் எனினும், அவர்களுடைய ஆட்சேபம் அற்பமானதென்று நாம் கூறமாட்டோம். அத்தகைய பாறைமேல் கைவைக்க முற்படுகிறவன் தகுந்த காரணம் காட்டக் கடமைப்பட்டவன். கருங்கல்லில் நம் நாட்டுக் கைவினையால் எழுந்த மண்டபமும், தேவியின் ஸ்ரீபாதத்துக்கென விட்ட இடமும், பேச்சொழிந்து அமரும் தியான அறையும் அந்தக் காரணத்தைக் காட்டிவிட்டன என்பதே நமது அபிப்பிராயம்.

மூன்றாவது, 2000-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி திறந்த திருவள்ளுவர் சிலை. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்களைக் குறிப்பது; சிலை 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்கும் உரிய அதிகாரங்களைக் குறிப்பது. அறத்தின்மேல் மற்ற இரண்டும் நிற்கின்றன என்ற தத்துவத்தைக் கணபதி ஸ்தபதியின் உளி பேசாமல் பேசுகிறது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்து மோதியபோதும் அது அசையாமல் நின்றது.

நான்காவதுதான் கண்ணாடிப் பாலம். நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர், செலவு சுமார் 37 கோடி ரூபாய். நீர்மட்டம் தாழும் வேளைகளில் வள்ளுவர் பாறைக்குப் படகு செல்ல முடியாமல், எதிரில் நின்று பார்த்துத் திரும்பியவர்கள் அநேகர். அக்குறை தீர்ந்ததை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், ஏன் கண்ணாடி? குமரியின் கல்லோடும் கதையோடும் கண்ணாடிக்கு உறவில்லை. எந்த நாட்டுப் பள்ளத்தாக்கின் மேலும் அதே தளத்தைப் பதிக்கலாம். அடிவானத்தைக் காண வந்தவன் தன் பாதத்துக்குக் கீழே என்ன தெரிகிறதென்று குனிந்து பார்த்துத் திரும்புகிறான். உபயோகம் உண்மையானது, வேடிக்கை இரவல்.

பாறைகளின் மேல் எழுந்தவற்றுக்காவது யோசனை நடந்தது. கரையில் நடப்பதற்கு யோசனையே இல்லை. விடுதிக்கு மேல் விடுதி; ஒவ்வொன்றும் தன் ஜன்னலிலிருந்து சூரியோதயம் தெரியுமென்று விளம்பரம் செய்கிறது; பின்னால் உள்ள வீதிக்கு அதே சூரியோதயம் மறைந்துபோகிறது! பொதுச் சொத்தான ஒரு காட்சியை அறை வாடகையாக மாற்றுவதற்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? 1991-ல் இந்திய சர்க்கார் வெளியிட்ட கடற்கரை ஒழுங்கு அறிவிக்கை, இயற்கையழகு மிக்க இடங்களையும் புராதனச் சிறப்புள்ள இடங்களையும் மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய வகுப்பில் சேர்த்தது. பின்னர் 2011-லும் 2019-லும் புதிய அறிவிக்கைகள் வந்தன. எனினும் சட்டம் எல்லையைத்தான் வகுக்க முடியும். ரசனையை வகுக்க முடியாது.

விடுதிகள் பெருகினால்தானே பிழைப்பு வளரும் என்பார்கள். அவர்கள் ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள உலுரு மலையைக் கவனிக்கட்டும். 348 மீட்டர் உயரமுள்ள அச்செம்பாறை, அங்குள்ள அனாங்கு ஜனங்களுக்குப் புனிதமானது. அதன் அடிவாரத்தில் இருந்த விடுதிகளை அகற்றி, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, 1984-ல் யூலாரா என்ற ஊரை அமைத்தார்கள். 1985-ல் நிலம் அனாங்குகளிடம் திரும்பியது. 1995-ல் திறந்த கலாசார நிலையத்தைக் கட்டுமுன், கிரெகரி பர்ஜெஸ் என்ற கட்டடக் கலைஞர் அவர்களோடு அமர்ந்து யோசனை கேட்டார். அவர்களுடைய புராணத்திலுள்ள இரு பாம்புகளின் வடிவில், மண்கல்லால், மலையோடு போட்டியிடாமல் அது வளைந்து கிடக்கிறது. 2019-ல் மலை ஏறுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆயினும் யாத்திரிகர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே சர்க்காருக்கு நாம் மூன்று யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம். வாகன நிலையம், கடை, விடுதி முதலியவை இனி ஊருக்குள் தள்ளியே அமைய வேண்டும். கரையோரம் நடப்பவர்களுக்கு உரியது. புதிதாக எழுவதற்கு உயரவரம்பும், இவ்விடத்துக்கேற்ற பொருளும் முறையும் விதிக்க வேண்டும். கல்லில் பேசத் தெரிந்தவர்களைப் பயிற்றுவிக்க மாமல்லபுரத்தில் 1957 முதல் ஒரு கலாசாலையே இருக்கிறது. இறுதியாக, எந்தத் திட்டமும் கான்டிராக்டுக்குப் போகுமுன் ஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அக்கடலில் தினமும் தோணி செலுத்தும் மீனவர்களின் வார்த்தை அதில் முதலில் கேட்கப்பட வேண்டும்.

குமரிமுனை நம் தலைமுறை சம்பாதித்த சொத்தன்று. முன்னோர் நம்மிடம் ஒப்படைத்தார்கள். நாம் பின்வருவோரிடம் ஒப்படைக்க வேண்டும். தர்மகர்த்தாவுக்கு உள்ள உரிமைக்கு மேல் நமக்கு அதில் உரிமையில்லை. அந்த வரம்பை உணர்ந்து சர்க்கார் நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம்.