பழுது ஸ்கானரில் இல்லை

போன கிழமை மொன்றியலில் நல்ல பனி. வெளியில் இறங்க மனமில்லாமல், அலுமாரி மேல்தட்டில் கிடந்த பொலித்தீன் பையை எடுத்தேன். அகதியாக வந்த எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கும். அம்மாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், பழைய அடையாள அட்டை, 1986இல் அப்பா நீலநிற வான்கடிதத்தில் எழுதியவை. எல்லாம் மடிப்போடு கிழியத் தொடங்கிவிட்டன.

ஸ்கான் பண்ணி வைப்போம் என்று பழைய ஸ்கானரைத் தூசி தட்டினால், புதுக் கணினியில் அது வேலை செய்யவில்லை. செய்த நிறுவனம் அதற்கு டிரைவர் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. "அப்பா, உதை எறியுங்கோ. போனிலை படம் எடுக்கலாம்தானே?" என்றான் மகன். எடுத்தும் பார்த்தேன். மடிப்பு நிழலாக விழுகிறது, ஓரம் வளைகிறது, மங்கிய மை இன்னும் மங்குகிறது.

லினக்ஸ் இருக்கிற மடிக்கணினியில் செருகினேன். அதில் ஸ்கானர்களை இயக்குவது சேன் என்ற இலவச மென்பொருள். அங்கேயும் முதலில் ஸ்கானர் எதுவும் இல்லை என்றுதான் வந்தது. கனபேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். விடாதையுங்கோ, ஒவ்வொன்றாகப் பாருங்கோ.

முதலில் 'எல்எஸ்யூஎஸ்பி' என்ற கட்டளை. அந்தப் பட்டியலில் ஸ்கானர் வராவிட்டால் பிழை பெரும்பாலும் வயரில், மின்சாரத்தில், அல்லது இடையில் கிடக்கும் ஹப்பில். எனக்கு வந்தது. அடுத்தது 'ஸ்கான்இமேஜ் -எல்'. சும்மா கொடுத்தால் ஒன்றுமில்லை. முன்னால் 'சுடோ' போட்டால் ஸ்கானர் தெரிகிறது. அப்படியென்றால் ஸ்கானர் சரி, எனக்குத்தான் அனுமதி இல்லை. பெயர் பட்டியலில் இல்லையென்று வாசலில் மறிபடுவது எங்களுக்குப் புதிதா? 'ஸ்கானர்' என்ற குழுவில் என் பெயரைச் சேர்த்து, வெளியேறித் திரும்ப உள்நுழைய அது தீர்ந்தது.

பிறகும் ஸ்கான் ஓடவில்லை. சில பழைய ஸ்கானர்களுக்கு, மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஃபேர்ம்வெயர் என்ற சிறு கோப்பைக் கணினி அனுப்பவேண்டும். உரிமை நிறுவனத்திடம் இருப்பதால் சேன் அதைச் சேர்த்துத் தருவதில்லை. பெட்டியோடு வந்த சிடியில் அது இருந்தது. நல்லகாலம், எறியவில்லை. சேன் தேடுகிற அடைவில் அதைப் போட்டதும் விளக்கு எரிந்து மெல்ல நகரத் தொடங்கியது.

செய்தவனே கைவிட்ட பொருளை, யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதிய நிரல் ஓட வைக்கிறது. எங்கட தாள்களுக்கும் இதுதான் கதை. 1981இல் யாழ் பொதுநூலகத்தில் 97,000 வரையான நூல்கள் எரிந்தன. அவற்றில் வேறு பிரதி இல்லாதவையும் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் தன்னார்வலர்கள் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி வருகிறார்கள். ஆனால் உங்கள் அலுமாரியில் கிடப்பதை நீங்கள் எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுக்கப்போவதில்லை.

எழுத்துக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600 போதும். ஜேபெக்கில் மட்டும் வையாமல் பிஎன்ஜியிலோ டிஃப்பிலோ ஒன்று சேமியுங்கள். இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும்.

முதலில் ஸ்கான் ஆனது அப்பாவின் கடிதம். திரையில் பெரிதாக்க, கடைசி வரி தெளிவாகத் தெரிந்தது: "கடிதம் கிடைச்சதோ எண்டு உடனே எழுது."