புலி வளைந்து தாவுமா?

“ஆடு புலி ஆட்டம் என்றால் குழந்தைகளுக்குள் சண்டை வருகிறது. அது கைபேசிக்குள் போனது நல்லதாயிற்று” என்று சொல்லும் அன்பர்கள் பெருகிவிட்டார்கள். விதிகளை யந்திரமே பார்த்துக்கொள்கிறதாம். வீட்டில் சத்தம் இல்லையாம். சத்தம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நியாயத்தினால் வந்த அமைதி அல்ல என்பதுதான் என் வழக்கு.

களத்தைச் சற்றுப் பார்ப்போம். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நான்கு கோடுகள் சரிந்து இறங்குகின்றன. குறுக்கே மூன்று கோடுகள்; ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளிகள். அவற்றின் நுனிகளை இரு பக்கமும் ஒரு கோடு இணைக்கிறது. அடிக்கோட்டில் நான்கு புள்ளிகள். ஆக மொத்தம் 23. புலிகள் 3, ஆடுகள் 15. பக்கத்து ஆட்டைத் தாண்டிக் காலி இடத்தில் குதித்தால் அந்த ஆடு புலிக்கு இரை. மூன்று புலிகளும் அசைய வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. இவ்வளவு எளிய ஆட்டத்தில் சண்டை எங்கே வருகிறது? ஓரங்களில்தான் வருகிறது.

உச்சியில் ஓர் ஆடு நிற்கிறது. இடது சரிவில் புலி. வலது சரிவு காலி. புலிக்காரப் பையன் தாவி ஆட்டை எடுக்கப் போகிறான். “அதெப்படிண்ணே? கோடு அங்க முடிஞ்சு போச்சுல்லா?” என்று தங்கை மறிக்கிறாள். தங்கை கட்சியே நியாயம். புலி நேர்கோட்டில் தாவுமே தவிர, வளைந்து தாவாது. இந்த ஒரு தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு அவள் களம் முழுவதும் பார்ப்பாளானால், உச்சி மட்டுமல்ல, பக்கத்து மூலைகள் நான்கும், அடிக்கோட்டின் நுனிகள் இரண்டும், ஆக ஏழு இடங்களில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் தின்ன முடியாது என்று கண்டுகொள்வாள். வாதாடியதால் கிடைத்த ஞானம் அது.

கைபேசியில் என்ன நடக்கிறது? விரலால் தட்டுகிறான்; புலி நகரவில்லை. காரணம்? மூச்சு இல்லை. நான் ஆடிப் பார்த்த அத்தனையிலும் இதே கதைதான். ‘இது நடக்காது’ என்று குழந்தை தெரிந்துகொள்கிறது. ‘ஏன் நடக்காது’ என்று தெரிந்துகொள்வதில்லை.

வேறு சில கேள்விகளுக்கு ஒரே விடை என்பதும் கிடையாது. இரை எதிரே இருந்தால் புலி தின்றே ஆகவேண்டுமா? பெரும்பாலும் நம்மவர்கள் அதைப் புலியின் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். கட்டாயம் என்று வைத்தாலோ, ஓர் ஆட்டைப் பலிகொடுத்துப் புலியை வேண்டிய இடத்துக்கு இழுக்கலாம், ஆட்டமே வேறாகிவிடும். ஒரே முறையில் இரண்டு ஆடுகளைத் தாவித் தின்னலாமா? 15 ஆடுகளும் இறங்குமுன் இறங்கிய ஆடு நடக்கலாமா? இவற்றை உட்காருமுன் பேசி முடிவுசெய்ய வேண்டும். அதற்குச் சண்டை என்று பெயரிடுவது அநியாயம். சிறுவர்கள் கூடிச் சட்டம் இயற்றுகிறார்கள் ஐயா!

“சதுரங்கத்துக்கு உலகம் முழுதும் ஒரே சட்டம் இல்லையா?” என்று கேட்பார்கள். உண்டு. அதே நிலை மூன்று முறை வந்தால் ஆட்டக்காரர் சமன் கோரலாம் என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார்கள். யாரும் படிக்கலாம், வாதாடலாம். நேபாளத்தாரின் பாக் சாலில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். அதனால் நம் ஆட்டம் தப்பாகிவிடவில்லை. பொது விதியோடு எனக்குப் பகை இல்லை. ஊமை விதியோடுதான் பகை. ஆட்டம் தொடங்குமுன் யந்திரம் நான்கு கேள்விகள் கேட்கட்டும். மறுக்கும்போது ஒரு வரியில் காரணம் சொல்லட்டும். இது பெரிய வித்தையா?

குற்றாலத்தில் சீசன் காலத்தில் வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை விதிப்பார்கள். குற்றாலத்திலும் தென்காசியிலும் விடுதி அறைகளில் குடும்பங்கள் அடைபட்டுக் கிடக்கும். புலியருவி என்று ஓர் அருவிக்கே பெயர் இருக்கும் ஊரில், தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, மூன்று கூழாங்கல்லும் பதினைந்து புளியங்கொட்டையும் வைத்தால் போதும். பெற்றோர் அதைச் செய்வதில்லை. ஆளுக்கொரு கைபேசியைக் கொடுத்துவிட்டு அமைதியை அனுபவிக்கிறார்கள்.

அந்த அமைதிக்கு விலை உண்டு. காரணம் கேட்காமல் விரலை எடுத்துக்கொள்ளப் பழகிய பிள்ளை, நாளைக்கு ஏதோ ஓர் அலுவலக ஜன்னலில் “முடியாது” என்று சொன்னால், அப்படியே வீடு திரும்பும். “ஏன் முடியாது?” என்று கேட்கும் பழக்கத்தைத்தான் சத்தம் என்று சொல்லி வீட்டைவிட்டு விரட்டிக்கொண்டிருக்கிறோம்.