காட்டேரி மேல் பழி போடாதீர்கள்!

'மார்க் ஆஃப் தி வேம்பயர்' என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 1935-ல் வந்தது. டாட் பிரௌனிங் டைரக்‌ஷன். மொத்தமே ஒரு மணி நேரம்தான் ஓடும். நம்ம ஊர்ப் படத்தில் அதற்குள் இடைவேளைகூட வந்திருக்காது. கதையின் முடிவை இங்கே போட்டு உடைக்கப் போகிறேன். தொண்ணூறு வருஷத்துப் படம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தன் வீட்டிலேயே செத்துக் கிடக்கிறார். உடம்பில் பொட்டு ரத்தம் இல்லை. கழுத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள். ஊரே ஒரே குரலில், 'ரத்தக் காட்டேரிதான்!' என்கிறது. பரிசோதித்த டாக்டரும் அதையே சொல்கிறார். பாழடைந்த கோட்டையில் பெலா லுகோசி கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மகளோடு உலாவுகிறார். வௌவால், சிலந்தி வலை, மூடுபனி... எல்லாம் உண்டு. படம் பார்க்கிற நாமும் நம்பிவிடுகிறோம்.

கடைசியில் பார்த்தால், காட்டேரியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அவர்கள் கொலைகாரனைப் பிடிக்க வாடகைக்கு அமர்த்தப்பட்ட நடிகர்கள்! கொன்றவன் குடும்ப நண்பன். செத்தவரின் மகளுக்குப் பாதுகாவலனாக இருந்து பார்த்துக்கொண்டவன். மயக்க மருந்து கொடுத்து, சூடாக்கிய கண்ணாடிக் கோப்பையைக் கழுத்தில் வைத்து ரத்தத்தை உறிஞ்சியிருக்கிறான். பழியைக் காட்டேரி ஏற்றுக்கொள்ளும் என்பது அவன் கணக்கு.

'கடைசியில் ஏமாத்திட்டாங்கய்யா' என்று இந்த முடிவைத் திட்டும் பேய்ப்பட ரசிகர்கள் இன்றைக்கும் உண்டு. எனக்கோ படத்தில் பிடித்ததே இந்த முடிவுதான். நம்மிடமும் இந்த வகை இருந்தது. 1966-ல் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்த 'யார் நீ?' ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைப் புடவை, மழை, இருட்டு என்று மிரட்டிவிட்டு, கடைசியில் சொத்துக்காக நடந்த சதி என்று முடியும். பயமுறுத்தியது பேயாக இருந்தாலும் கடைசி ரீலில் ஒரு மனிதனின் சட்டைக் காலரைப் பிடிப்பார்கள். அந்த நாணயம் கறுப்பு வெள்ளை மர்மப் படங்களுக்கு இருந்தது.

வட சென்னையில் ஓடுகிற படத்துக்கு மட்டும் கடைசி ரீலே வருவதில்லை.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. வலை, படகு, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு. எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது சி.பி.சி.எல். ஆலைக்குள் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு சரியில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில், கோரமண்டல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஆராய்ந்த குழு, புயலில் புரண்ட பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது.

ஆக, எண்ணெய்க்கு வெள்ளம் காரணம், வாயுவுக்குப் புயல் காரணம். காட்டேரி கிடைத்துவிட்டது!

'புயல் அடித்தது பொய்யா சார்?' என்று கேட்பீர்கள். பொய்யில்லை. படத்தில் செத்தவர் கழுத்தில் இருந்த ஓட்டையும்தான் பொய்யில்லை! அதை யார் போட்டார்கள் என்பதுதானே கேள்வி? வங்காள விரிகுடாவில் டிசம்பரில் புயல் வருவது உலக அதிசயமா? கரையோரத்தில் விஷவாயுக் குழாய் போட்டவருக்கு அது தெரியாதா? வெள்ளம் புகுந்தால் எண்ணெய் வெளியேறாமல் தடுப்பது யார் வேலை? எண்ணெயை ஆலைக்குள் கொண்டுவந்து வைத்தது புயல் இல்லையே!

அடுத்து, 2024 அக்டோபர் 25. திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதோ நெடி அடித்து, முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வண்டி வந்தது, கருவி வந்தது, காற்றை அளந்தார்கள். பள்ளியை மூடி நவம்பர் 4-ம் தேதி திறந்தார்கள். முதல் தடவைக்கே காரணம் தெரியாத நிலையில் மறுபடியும் பிள்ளைகள் மயங்கினார்கள். இதற்கு நாம் வைத்துக்கொண்ட பெயர், 'மர்ம வாயு'.

பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'மர்மம்' என்பது எங்களுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை. தலைப்பில் நன்றாக உட்காரும், கேஸ் வராது. துப்பறியும் கதையில் அந்தச் சொல் ஆரம்பத்தில் வரும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அதுவே 'வணக்கம்' கார்டு.

நான் படித்தது பி.காம். செலவுக்கு ஒரு தலைப்பு, பொறுப்புக்கு இன்னொரு தலைப்பு என்று சொல்லிக்கொடுத்தார்கள். எண்ணெயால் பிழைப்பு போன மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. சந்தோஷம், ஆனால் அது செலவுக் கணக்கு. எந்த நாற்காலியில் இருந்தவர் எதைச் செய்யத் தவறினார் என்பது தனிப் பேரேடு. அந்தப் பக்கத்தை யாராவது திறந்து ஜனங்களிடம் காட்டினார்களா?

அடையாறிலும் அண்ணா நகரிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிற நீங்கள், 'அவங்க ஏரியா பிரச்னை' என்று பக்கத்தைப் புரட்டிவிட முடியாது. உங்கள் வண்டியில் ஊற்றுகிற பெட்ரோலும், ஃபேனைச் சுற்றவைக்கும் கரன்ட்டும் அந்த ஏரியா வழியாகவும்தான் வருகின்றன. குழாயும் சாம்பலும் அங்கே, பல்பு இங்கே.

ஆலைகளை நாளைக்கே இழுத்து மூடு என்று நான் கேட்கவில்லை. அங்கே வேலை பார்த்துச் சோறு சாப்பிடுகிறவர்களும் அதே தெருக்காரர்கள்தான். கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு கசிவுக்கும் ஒரு விசாரணை அறிக்கை, தமிழில், பெயரும் பதவியும் தேதியும் போட்டு. அந்தப் பள்ளிக்கூடச் சுவரிலும் பெரியகுப்பம் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். நாலு பக்கம் போதும்.

பிரௌனிங்குக்கு ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. உங்களுக்கு இன்னும் எத்தனை புயல் வேண்டும்?