இதைக்கூடவா சொல்ல வேண்டும்?

"அவனுக்குக் கை வராது, சார்" என்றார் எனக்குத் தெரிந்த தச்சுப் பட்டறை முதலாளி ஒருவர். பத்து மாதமாக அவரிடம் வேலை பழகும் பையனைப் பற்றித்தான் பேச்சு. "வராவிட்டால் அனுப்பிவிட வேண்டியதுதானே?" என்று நானும் சொல்லிவிட்டேன். அடுத்தவர் பிள்ளையின் பிழைப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை எனக்கு. அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இப்போது எழுதுகிறேன். திரும்பப் பெற்றுக்கொள்வதோடு நிற்கப் போவதுமில்லை. "கை வராது" என்கிற அந்த வாக்கியத்தோடு கொஞ்சம் சண்டையும் போடப் போகிறேன்.

பட்டறை சிறியது. முதலாளி, ஒரு பழைய தொழிலாளி, இந்தப் பையன், ஆக மூன்றே பேர். பையனுக்குப் பத்தொன்பது வயது. பன்னிரண்டாம் வகுப்பு தேறியவன். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். நான் அங்கே ஒரு புத்தக அலமாரி செய்யக் கொடுத்திருந்தேன். தைக்குள் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டும் இருந்தேன். அதன் முன்பக்கச் சட்டத்தைப் பையனிடம் விட்டிருக்கிறார்கள். ஒரு சட்டத்தின் நுனியைச் செதுக்கி இன்னொரு சட்டத்தின் துளையில் செருகுகிற வேலை. மொத்தம் எட்டு இடங்களில் பொருத்து. எட்டும் ஆடின.

மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே வார்னிஷ் பூசிக் கொடுத்திருந்தால் எனக்கு ஏழு ஜன்மத்துக்கும் தெரிந்திராது. நண்பர் யோக்கியர். என்னைக் கூப்பிட்டுச் சட்டத்தைக் காட்டினார். "பாருங்கள், ஒன்றாவது இறுகப் பிடிக்கிறதா? நல்ல தேக்கு, சார், பாழ்!" என்றார். பையன் ஒரு மூலையில் சாணைக்கல்லின் எதிரே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் தச்சனல்ல. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூலையில் இருப்பவனிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பான். "ஏன் தம்பி இப்படி ஆயிற்று?" என்று கேட்டேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "தெரியலைங்க. மேஸ்திரி கோட்டுல அறுக்கச் சொன்னாரு. கோட்டுலதான் அறுத்தேன்."

சட்டத்தை வாங்கி மறுபடியும் பார்த்தேன். எட்டு பொருத்துகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தளர்ந்திருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கவனமில்லாதவனுடைய தப்பு ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும், ஓரிடத்தில் தற்செயலாகச் சரியாகவும் இருந்துவிடும். எட்டு இடத்திலும் ஒரே தப்பைச் செய்கிறவன் கவனமில்லாதவனாக இருக்க முடியாது. அவன் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறான். அப்படியானால் தப்பு சொன்னதில் இருக்கிறது.

வாளுக்கு ஒரு தடிமன் உண்டு. அறுக்கும்போது அந்தத் தடிமன் அளவுக்கு மரம் தூளாக உதிர்கிறது. கை வாள் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் நடுவில் வாளை வைத்தால் அதில் பாதி, வைத்துக்கொள்ள வேண்டிய பக்கத்திலிருந்து போய்விடுகிறது. இரண்டு பக்கமும் இப்படி அறுத்தால் முனை ஒன்றரை மில்லிமீட்டர் மெலிகிறது. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது பட்டறைக் கணக்கு. அந்தக் கணக்கில் இது ஏறக்குறைய அரை நூல். துளைக்குள் போய் ஆடுவதற்கு அரை நூல் தாராளமாகப் போதும். அறுக்கத் தெரிந்தவன் கோட்டில் அறுக்கமாட்டான். கழித்துப் போடுகிற பக்கத்தில், கோட்டை ஒட்டி அறுப்பான். அறுத்து முடித்த பிறகும் கோடு முனையின்மேல் இருக்க வேண்டும்.

நண்பரிடம் போய், "நீங்கள் அறுக்கும்போது கோட்டை விட்டுவைக்கிறீர்களா, அழிக்கிறீர்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். ஒரு கட்டையை எடுத்து அறுத்துப் பார்த்தார். பிறகு, "விட்டுத்தான் வைக்கிறேன்" என்றார். "அதைப் பையனிடம் சொன்னீர்களா?" என்றேன். சிரித்துவிட்டார். "இதைக்கூடவா சார் சொல்ல வேண்டும்?"

நான் சண்டை போட வந்தது இந்த வாக்கியத்தோடுதான். பட்டறைகளில், அச்சுக்கூடங்களில், தையற்கடைகளில், மோட்டார் ஷெட்டுகளில் எத்தனையோ பையன்கள் "மந்தம்", "கவனம் போதாது", "கை வராது" என்ற பெயர்களோடு வெளியே போயிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரை இந்த ஒரு வாக்கியம் அனுப்பிவைத்திருக்கும்!

நண்பர் பொய் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது உண்மை. நாலு தலைமுறையாக உளி பிடித்த குடும்பம். நடக்கத் தெரிவதற்கு முன்பே மரச்சுருளில் விளையாடியவர். ஏழு வயதில் அப்பாவுக்குக் கொட்டாப்புளி எடுத்துக் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு வயதில் கோணலாக அறுத்துக் குட்டு வாங்கியிருக்கிறார். எப்போது கற்றுக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. தாய்மொழியை எந்தத் தேதியில் கற்றோம் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? ஆகவே அவர் தம்மை அறியாமலே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்: தமக்குத் தெரிந்தது பிறவியிலேயே தெரிந்தது, பையனுக்குத் தெரியாதது பிறவியிலேயே இல்லாதது. "நம்ம பிள்ளைகளுக்கு இது ரத்தத்திலேயே இருக்கும், சார்" என்றும் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் இரத்தம் என்று சொன்னது பதினைந்து வருஷப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடம் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது, சம்பளம் கட்ட வேண்டியிருக்கவில்லை, அதனால் அது பள்ளிக்கூடம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அவர் பதினைந்து வருஷத்தில் பெற்றதை இந்தப் பையன் பத்து மாதத்தில், அதிலும் பாதி நேரம் டீ வாங்கி வந்துகொண்டு, காட்ட வேண்டுமாம்!

இது பட்டறைக்குள் மட்டும் நடக்கிற வழக்கும் இல்லை. 1953-இல் ராஜாஜியின் அரசு, கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்து, எதிர்ப்பு மூண்டு, 1954-இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் கைவிடப்பட்டது. எழுபது வருஷம் கழித்து, 2023-இல், மத்திய அரசின் விசுவகர்மா திட்டம் தச்சு உட்படப் பதினெட்டுத் தொழில்களுக்கு உதவி என்று வந்தபோது அதே வாதம் மறுபடியும் எழுந்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லிக் கேட்ட தமிழ்நாட்டு அரசு, 2024-இல், அந்த வடிவத்தில் திட்டத்தை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. கோட்டையில் இவ்வளவு வாதம் நடந்திருக்கிறது. பட்டறைக்குள்ளோ அதே கேள்விக்கு "ரத்தத்தில் இல்லை" என்ற ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதி ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். மேல்முறையீடு கிடையாது.

இன்னொரு விஷயமும் பார்த்தேன். நண்பர் "அரை நூல் தட்டு", "ஒன்றே கால் நூல் விடு" என்று நூலில் பேசுகிறார். பையன் பள்ளியில் படித்ததெல்லாம் சென்டிமீட்டரும் மில்லிமீட்டரும். இந்தியா மெட்ரிக் அளவைக்குச் சட்டம் இயற்றியது 1956-இல். பட்டறையில் இன்னும் அந்தச் சட்டம் அமலுக்கு வரவில்லை. வர வேண்டாம், நூல் நல்ல அளவுதான். ஆனால் ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் என்று பத்து மாதத்தில் ஒரு நாள் ஒருவர் சொல்லியிருக்கலாம். அவனாகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். முதல் வாரத்தில் கேட்டானாம். "நூல் தெரியாமல் வேலைக்கு வந்துவிட்டாயாடா?" என்று பழைய தொழிலாளி சிரித்தாராம். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

நண்பர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் அயோக்கியன். கெட்டுப்போகிற தேக்கு அவர் காசு. தாமதமானால் திட்டு வாங்குகிறவர் அவர். பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒரு மணி நேரத்துக்கு அவருக்கு யாரும் கூலி தருவதில்லை. தொழிற்பழகுநர் சட்டம் என்று ஒன்று 1961-இலிருந்தே இருக்கிறது. 2019-இல் திருத்திய விதிகளின்படி முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். நாலு பேர் முதல் இருபத்தொன்பது பேர் வரை இருந்தால் விருப்பப்படி சேர்க்கலாம். மூன்று பேர் இருக்கிற பட்டறை அந்தக் கணக்கில் எந்தப் படியிலும் நிற்கவில்லை. நாட்டில் கைத்தொழில் பழகுகிற பிள்ளைகள் இப்படிப்பட்ட பட்டறைகளில்தான் குவிந்துகிடக்கிறார்கள். ஆகவே நண்பருடைய சிரமம் நிஜம். ஆனால் அந்தச் சிரமத்துக்கு விலை கொடுக்க வேண்டியவன், அந்த மூன்று பேரில் மிகக் குறைந்த கூலி வாங்குகிறவன்தானா என்றுதான் கேட்கிறேன்.

எல்லாப் பையன்களையும் வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று நான் வாதாடவில்லை. கையில் ஓடுகிற வட்ட வாளுக்குப் பக்கத்தில் விளையாட்டுக் காட்டுகிறவனை அன்றைக்கே நிறுத்த வேண்டும். அது அவன் விரலுக்குச் செய்கிற உபகாரம். தெரிந்தே பொய் சொல்கிறவனை, பொருளைத் திருடுகிறவனை வைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சொல்லிக்கொடுத்தும், காட்டிக்கொடுத்தும், அவகாசம் கொடுத்தும் வேலை படியாதவர்களும் உண்டு. அவர்களை அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அனுப்புவதற்கு முன் முதலாளி தமக்குத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். தப்பு எது என்று பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்குக் காட்டினேனா, அல்லது பொதுவாகத் திட்டினேனா? கெடுத்தாலும் நஷ்டமில்லாத கழிவுக் கட்டையில் பழக விட்டேனா, அல்லது முதல் தடவையே தேக்கில் விட்டேனா? வேலை இப்படியே இருந்தால் வைத்துக்கொள்ள முடியாது என்று நாளும் தவணையும் சொல்லி எச்சரித்தேனா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அனுப்பலாம். பாவமில்லை.

அனுப்புகிற விதத்திலும் ஒரு கொடுமை இருக்கிறது. "நாளைக்கு வர வேண்டாம், வேலை இருந்தால் சொல்லி அனுப்புகிறேன்" என்று நம் ஊரில் ஒரு வாசகம். மனம் நோகாமல் சொல்கிறோம் என்று நினைப்பு. யாருடைய மனம்? பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பான். வேறு இடத்துக்குப் போனால் இவர் கூப்பிடும்போது இல்லாமல் போய்விடுவோமே என்று போகமாட்டான். "உனக்கு இந்த வேலை சரிப்படவில்லை, காரணம் இது, கணக்கு இந்தா" என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கு இரண்டு நிமிஷம் சங்கடப்பட வேண்டியிருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிக்க அவனுடைய இரண்டு மாதத்தைச் செலவழிக்கிறோம்.

இவ்வளவும் பட்டறைக்காரரைப் பற்றி என்று வாசகர்கள் நிம்மதியாகப் புரட்டிவிட வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பொறியியல் முடித்து மென்பொருள் கம்பெனிக்குப் போகிறார்கள். முதல் சில மாதம் பயிற்சி என்று சம்பளம் கொடுத்து உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதற்குக்கூட அங்கே பெஞ்ச் என்று ஒரு பெயர் உண்டு. அதற்கும் சம்பளம் உண்டு. இதையெல்லாம் முறை என்று ஒப்புக்கொள்கிற நாம், தச்சன் வீட்டுக்கு வந்து பையனை வேலையில் விட்டால், "சின்னப் பையனை வைத்து ஒப்பேற்றப் பார்க்கிறாயா?" என்று கூலியில் கை வைக்கிறோம். பிறகு சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்தக் காலத்து ஆசாரிகள் மாதிரி இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று பெருமூச்சு விடுகிறோம். எங்கிருந்து இருப்பார்கள்? பழகுகிறவனுடைய கோணலை யாராவது கொஞ்ச நாள் தாங்கிக்கொண்டால்தானே நேர் வரும்?

நான் தைக்குள் அலமாரி வேண்டும் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். கெட்டுப்போன சட்டத்தின் விலையில் பாதி என்னுடையது என்று நண்பரிடம் சொன்னேன். அவர் மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். பையன் ஒன்றரை மாதம் தினம் காலையில் ஒரு மணி நேரம் வேப்பங்கட்டையில் அறுத்தான், கோட்டை விட்டுவைத்து. பெரிய தச்சனாகிவிட்டான் என்று கதையை முடிக்க எனக்கு ஆசைதான். அப்படி ஆகவில்லை. இன்னும் மெதுவாகத்தான் செய்கிறான். இழைப்பில் இன்னும் பழைய தொழிலாளிக்கு அருகில் வரமுடியாது.

அலமாரி சித்திரையில் வந்தது. முன்பக்கச் சட்டத்தைப் பையனே மறுபடி செய்திருந்தான். எட்டில் ஏழு பொருத்துகள் இறுகப் பிடிக்கின்றன. எட்டாவது லேசாக ஆடுகிறது. அதை அடைக்கட்டுமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.