‘லைக்’ போட்டால் காசாம்! முதலில் ரூ.150... அப்புறம் கம்மல், செயின் வரை ‘அபேஸ்’

"வீட்டில் இருந்தபடியே தினமும் ரூ.2 ஆயிரம் சம்பாதிக்கலாம்" என்று வாட்ஸ்-அப்பில் ஒரு மெசேஜ் வரும். பெரிய கம்பெனியில் ‘எச்.ஆர்.’ என்று ஒரு பெண் பேசுவார். வேலை ரொம்ப சுலபம். யூ டியூப் வீடியோவுக்கு லைக் போட வேண்டும், இல்லாவிட்டால் கூகுள் மேப்பில் ஏதாவது ஓட்டலுக்கு 5 ஸ்டார் கொடுக்க வேண்டும். லைக்குக்கு ரூ.50. மூன்று போட்டு ஸ்கிரீன் ஷாட் அனுப்பினால் ரூ.150 நிஜமாகவே அக்கவுண்டில் வந்து விழும்.

இந்த 150 ரூபாய்தான் மோசடிக் கும்பலின் முதலீடு. "ஏமாத்துறவன் காசு கொடுப்பானா?" என்று நினைப்பவர்தான் முதலில் கவிழ்கிறார். கொடுப்பான். கொங்கு மண்டலத்துக்கு இது புதுசும் அல்ல. 2012-ல் பெருந்துறையில் வெடித்த ஈமு கோழி விவகாரத்திலும் ஆரம்பத்தில் மாசாமாசம் பணம் ‘டாண்’ என்று வந்தது. அதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தினரும் பணத்தைக் கொண்டு போய் கொட்டினார்கள்.

அடுத்து டெலிகிராம் குரூப்புக்கு இழுப்பார்கள். ரூ.1,000 கட்டினால் ரூ.1,300 திரும்பி வரும். பிறகு 5 ஆயிரம், 20 ஆயிரம், 50 ஆயிரம் என்று கேட்பார்கள். "எனக்கு 80 ஆயிரம் வந்துடுச்சு" என்று குரூப்பில் குதிப்பவர்கள் எல்லாம் அதே கும்பலின் ஆட்கள். அவர்கள் கொடுக்கும் லிங்க்கில் உங்கள் பெயருக்கு நேராக லட்சக்கணக்கில் ‘பேலன்ஸ்’ காட்டும். அது வெறும் நம்பர், பணம் அல்ல. எடுக்கப் போனால் "டாஸ்க்கில் தப்பு பண்ணிட்டீங்க, அபராதம் கட்டுங்க", "வரி கட்டினாத்தான் ரிலீஸ் ஆகும்" என்பார்கள். போட்டதை மீட்க கம்மலும் செயினும் அடகுக்கடைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். மகளிர் குழு கடன் பணமும் இப்படியே கரைகிறது.

கூலி கொடுக்க வேண்டியவன் கூலிக்காரரிடமே காசு கேட்டால் அது வேலை இல்லை. டெபாசிட், பதிவுக் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே ‘பிளாக்’ செய்து விட வேண்டும்.

இன்னொரு ரகம் டேட்டா என்ட்ரி. வேலையை முடித்ததும் "ஏகப்பட்ட தப்பு, அக்ரிமெண்டை மீறிட்டீங்க, கோர்ட்டுக்குப் போவோம்" என்று வாட்ஸ்-அப்பில் வக்கீல் நோட்டீஸ் வரும். பயந்து பணம் கட்டினால் அடுத்த நோட்டீசும் வரும்.

இதைவிட ஆபத்தானது, "உங்க பேங்க் அக்கவுண்டை மட்டும் கொடுங்க, கமிஷன் தர்றோம்" என்பது. வேறு எங்கோ ஏமாந்தவரின் பணம் அதன் வழியாகத்தான் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது அக்கவுண்ட் வைத்திருப்பவரைத்தான். அக்கவுண்டை முடக்கினால் சொந்த சம்பளத்தைக்கூட எடுக்க முடியாது.

2023 டிசம்பரில் மத்திய அரசு இப்படிப்பட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கியது. ஆனாலும் புதுப்பெயரில் முளைத்துக் கொண்டேதான் இருக்கின்றன.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் போட வேண்டும். பணம் அனுப்பிய நேரம், தொகை, பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். கும்பல் பணத்தை எடுப்பதற்குள் தகவல் போனால் பேங்க்கிலேயே நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. "வீட்டுக்காரர் திட்டுவாரே" என்று மூன்று நாள் மறைத்தால் அந்த வழியும் அடைபட்டு விடும்.

"போன பணத்தை மீட்டுத் தர்றோம், பீஸ் மட்டும் கட்டுங்க" என்று அப்புறமும் ஒருத்தர் பேசுவார். அதுவும் மோசடிதான். 1930-ல் புகார் சொல்ல பத்து பைசா கட்ட வேண்டியதில்லை.